அக்கா ஏன் காசு கொடுத்து வாங்கினார்?

கேள்வி: மூன்று பாக நாவல் ஒன்றைக் கிண்டிலில் நானே வெளியிட்டிருக்கிறேன். ஒவ்வொரு பாகமும் 0.99 டாலர். மூன்றையும் ஒரே வாரத்தில் 5 நாள் இலவசமாகக் கொடுத்தேன். 2,000 பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். வந்த விமர்சனங்கள் 4. இலவசம் முடிந்ததும் விற்பனை அடியோடு நின்றுவிட்டது. இப்போது பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப் குழுக்களில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். யாராவது படித்தால் போதும் என்றாகிவிட்டது. என் அக்காதான் மூன்று பாகங்களுக்கும் பிழை திருத்தித் தந்தாள். புத்தகம் வந்த அன்று அவளும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள். வீண் செலவு ஏன் என்று கேட்டேன். விமர்சனம் எழுதச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறாள். மூன்றையும் நிரந்தரமாக இலவசமாக்கிவிடலாமா? விலையைக் கூட்டினால் யாராவது வாங்குவார்களா?

பதில்:

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. புத்தகம் வேறாக இருக்கும், எண்ணிக்கை வேறாக இருக்கும், வருத்தம் ஒன்றாகவே இருக்கும். மனம் தளராதீர்கள், எழுதிக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"வீண் செலவு ஏன் என்று கேட்டேன்."

உங்கள் அக்கா அந்த மூன்று பாகங்களையும் எழுத்தெண்ணிப் படித்தவர். பிழை திருத்துவது கதை படிப்பது போல அல்ல. கதை இழுத்துக்கொண்டு போகும்போது பிழை கண்ணில் படாது. மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கோப்பும் அவரிடமே இருக்கிறது. அந்தப் புத்தகத்தைச் சும்மா வைத்துக்கொள்ள இந்த உலகத்தில் ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அது அவருக்குத்தான். அவர் போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். கதை என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளவா? தம்பி எழுதியதற்கு ஒரு விலை உண்டு, அதை முதலில் நான் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதற்கு நீங்கள் சொன்ன பதில், வீண் செலவு. எழுதியவரே வீண் என்று சொல்லும் புத்தகத்தை முகம் தெரியாத ஒருவர் எதற்காக வாங்க வேண்டும்?

விலையைப் பற்றிய உங்கள் குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. மதித்தவரிடம் காசு வாங்கக் கூச்சம். மதிக்காதவர்களிடம் பிடிஎஃபைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்.

இனி கணக்கு. 0.99 டாலருக்கு அமேசான் தருவது 35 சதவீதம், ஏறக்குறைய 35 சென்ட். 70 சதவீதம் வேண்டுமென்றால் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். 2.99 வைத்தால் ஒரு பிரதிக்கு 2 டாலருக்குச் சற்று மேலே வரும். கோப்பின் அளவைப் பார்த்து அனுப்பும் செலவு என்று கொஞ்சம் பிடிப்பார்கள். படம் இல்லாத நாவலுக்கு அது மிகச் சிறிய தொகை. ஆக, இன்றைய விலையில் 6 பிரதி விற்றால்தான் 2.99-க்கு விற்கும் ஒரு பிரதியின் வருமானம். 6 பேரைத் தேடுவதைவிட, உண்மையிலேயே படிக்க விரும்பும் ஒருவரைத் தேடுவது எளிது.

அந்த 2,000 பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இறக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இலவசப் புத்தகங்களின் தரவரிசை தனி, விலைக்கு விற்பவற்றின் தரவரிசை தனி. 5 நாள் முடிந்ததும் இலவச வரிசையில் எடுத்த இடம் விற்பனை வரிசைக்கு உங்களோடு வராது. அதைவிடப் பெரிய தவறு, மூன்று பாகத்தையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது. முதல் பாகம் பிடித்துப்போன ஒருவர் இருந்திருந்தால், அவர் விலை கொடுத்து வாங்க நீங்கள் என்ன மிச்சம் வைத்தீர்கள்?

அப்புறம் வாட்ஸாப். இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அந்த 5 இலவச நாள்கள், நாமே கிண்டிலில் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி சேவையில், செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கிடைப்பவை. சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் மின் வடிவில் இருக்கக் கூடாது. விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. உங்கள் சொந்தத் தளத்தில்கூட 10 சதவீதம் வரை மாதிரிக்கு வைக்கலாம், அதற்கு மேல் இல்லை. 90 நாள் முடிந்தால் அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் போய் நிறுத்தியிருந்தால் ஒழிய இப்போதும் அந்த ஒப்பந்தத்துக்குள்தான் இருக்கிறீர்கள். மீறினால் அமேசான் உங்கள் புத்தகத்தை எடுத்துவிடலாம், பணத்தை நிறுத்திவைக்கலாம், கணக்கையே முடக்கலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். குழுக்களில் போட்டதை எடுக்க முடிந்த இடங்களில் இன்றே எடுத்துவிடுங்கள்.

அக்கா விமர்சனம் எழுத மறுத்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நெருங்கிய உறவினர்களும் நண்பர்களும் விமர்சனம் எழுதக் கூடாது என்பது அமேசானின் விதி. விதி தெரிந்து மறுத்தாரோ, மனசாட்சிக்காக மறுத்தாரோ, அவர் செய்தது சரி. அக்கா என்றால் கேட்டதையெல்லாம் செய்து தர வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

நிரந்தர இலவசத்துக்கு வருவோம். உங்கள் உழைப்பை நீங்கள் தானம் செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. அக்காவின் உழைப்பைத் தானம் செய்ய யாரைக் கேட்டீர்கள்? வெளியே ஒருவரிடம் கொடுத்திருந்தால் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்கியிருப்பார். நீங்களும் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பீர்கள். குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். செய்தவர் கணக்குப் பார்க்கக் கூடாது. வாங்கிக்கொண்டவர் கட்டாயம் பார்க்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வாழ்ந்துவிட்டு, கடைசியில் அவர்கள் மனம் விலகிப்போன பிறகு காரணம் தேடுகிறவர்களின் கடிதங்களும் எனக்கு நிறைய வருகின்றன.

இலவசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று பாக நாவலுக்கு முதல் பாகத்தை இலவசமாக விடுவது நல்ல வழி. இரண்டாவதையும் மூன்றாவதையும் 2.99-க்குக் கொண்டுபோங்கள். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த இடத்துக்கு அடுத்தே, இரண்டாம் பாகத்துக்கான இணைப்பு இருக்கட்டும். அந்த இடத்தில்தான் வாசகர் வாங்குவார். அவரை முகப்புப் பக்கத்துக்கு அனுப்பித் தேட வைக்காதீர்கள்.

முதல் பாகத்தை எப்போதுமே இலவசமாக வைக்க அமேசானில் நேரடி வழி கிடையாது. அந்தப் பாகத்தை மட்டும் செலக்டிலிருந்து விலக்கி, 90 நாள் முடிந்த பிறகு ஸ்மாஷ்வேர்ட்ஸ் போன்ற வேறு கடையில் விலையைப் பூஜ்யமாக்கி, அதே விலைக்கு இறக்கும்படி அமேசானிடம் கேட்க வேண்டும். இறக்குவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். மற்ற இரண்டையும் அவசரப்பட்டு விலக்காதீர்கள். இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ வாசகர்களுக்கு விற்கும்போது 70 சதவீதம் கிடைக்கப் புத்தகம் செலக்டில் இருக்க வேண்டும். இந்த அலைச்சல் வேண்டாமென்றால் செலக்டிலேயே இருந்து, 90 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும் 5 நாளை முதல் பாகத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதையும் பிரித்து வைத்துக்கொள்ளலாம், ஒரே மூச்சில் செலவழிக்கத் தேவையில்லை.

இல்லை, என் எழுத்து எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மனதாரத் தோன்றினால், யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று எழுதியவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுங்கள். அது மரியாதையான வழி. ஆனால் ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. விற்கவில்லையே என்ற சலிப்பில் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. எடுப்பதற்கு முன் அக்காவின் சம்மதமும் வேண்டும்.

விலையைக் கூட்டினால் யாராவது வாங்குவார்களா என்று கேட்டீர்கள். சிலர் வாங்குவார்கள். 2,000 பேர் வர மாட்டார்கள். வருகிறவர்கள் படிப்பார்கள்.

இன்னொன்று. நன்றி சொல்லும் பக்கம் ஒன்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா, அதில் அக்காவின் பெயர் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் என்னை மன்னியுங்கள். இல்லையென்றால் விலையை மாற்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். மின்னூலில் திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். மூன்று பாகத்திலும், முதல் பக்கங்களிலேயே, அவர் பெயரும் அவர் செய்த வேலையும் தெளிவாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் திருத்தக் கொடுக்காதீர்கள். நீங்களே உட்கார்ந்து பிழை பாருங்கள்.