துபாய் லீவு முடிஞ்சு வந்தா மூத்தவன் உயரம் குறைஞ்சிருக்கா?

மூத்தவனோட வளர்ச்சி நிக்கல, பயப்படாதீங்க. ஏப்ரல்ல கீழக்கரை வீட்டு வாசல் நிலையில கோடு போட்டுட்டு ரெண்டு மாசம் துபாய்ல வாப்பாவோட இருந்துட்டு வந்து அளந்தா 3 வயசு சின்னவ 2 சென்டிமீட்டர் கூடிட்டா, 7 வயசு மூத்தவன் அரை சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கான்னு கேட்டிருக்கீங்க, அவன் வயசுல வருஷத்துக்கே 5, 6 சென்டிமீட்டர்தான், ரெண்டு மாசத்துக்குன்னா ஒண்ணு வந்தாலே ஜாஸ்தி.

அனேகமா அப்ப காலைல அளந்து இப்ப ராத்திரி அளந்திருப்பீங்க. பகல் பூரா ஓடியாடுனா முதுகெலும்பு நடுவுல இருக்குற தட்டு அமுங்கி சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் குறையும், நமக்கும் அப்படித்தான்.

நாளைக்கு எந்திரிச்சதும் செருப்பில்லாம குதிகால சுவத்துல ஒட்டி நேரா பாக்கச் சொல்லி, தலை மேல கெட்டி அட்டை புக்க சுவத்தோட ஒட்டி வச்சு மூணு தடவை அளங்க. பென்சில் சாஞ்சாலே கோடு மாறிடும். கோட்டுப் பக்கத்துல தேதியும் நேரமும் எழுதிருங்க, அடுத்தது ஆறு மாசம் கழிச்சு போதும்.

எம் புள்ளைக போன வருஷம் அப்படிப் போயிட்டு வந்தப்ப கோடு பெருசா நகரல, ஆனா காக்கா, அதான் அவ அண்ணன், கையப் புடிக்காம கடக்கரைக்கு வராத சின்னவ தனியா தண்ணிக்கு ஓடுனா, பெரியவன் அவுங்க வாப்பா மாதிரியே அதட்டிக் கூப்புட்டான், நான் அப்படியே நின்னுட்டேன். அதையும் எழுதி வைங்க.

ஒரு வருஷம் பாத்தும் மூத்தவன் 4 சென்டிமீட்டர்கூட வளரலன்னாலோ எடை குறைஞ்சாலோ அந்தக் கோட்டுக் கணக்கோட குழந்தை டாக்டர்ட்ட காட்டிருங்க.