பச்சிளம் குழந்தைக்கு வரும் கிருமி என் கணவருக்கு எப்படி வந்தது?

கேள்வி: என் கணவருக்கு 61 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். அடுத்த வாரம் குளிர்காய்ச்சல், இடது கால் சிவந்து வீங்கிவிட்டது. எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை போட்டிருந்தும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ரத்தக் கல்ச்சரில் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்று வந்தது. அது பிறந்த குழந்தைகளுக்கு வருவதாமே, ரிப்போர்ட் மாறிவிட்டதா? மூன்று வயதுப் பேரனுக்கு ஒட்டுமா? கார்த்திகையில் மாலை போடலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ரிப்போர்ட் மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அம்மா. பிரசவ வார்டில் இந்தக் கிருமிக்குப் பெயர் அதிகம், அதனால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் சர்க்கரை, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய், உடல்பருமன் உள்ள பெரியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது தோலிலும் எலும்பிலும் ரத்தத்திலும் இறங்கும்.

மழைத் தண்ணீரைத் திட்டுகிறீர்கள். பாதிதான் நியாயம். இந்தக் கிருமி ஆரோக்கியமான பலர் குடலில் சத்தமில்லாமல் குடியிருப்பது. உங்கள் கணவருக்கும் அவர் உடம்பிலிருந்தே வந்திருக்கலாம். தண்ணீர் செய்தது, வழி திறந்துவிட்டது. அவருடைய இடது கால் நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி, கீறல் விட்ட சேற்றுப்புண் இருக்கும் என்பது என் ஊகம். காலில் உணர்ச்சி மரத்திருந்தால் அவருக்கே அது தெரிந்திருக்காது. சர்க்கரை ஏறிய ரத்தத்தில் வெள்ளணுக்களும் சரியாக வேலை செய்யாது. எலிக்காய்ச்சல் மாத்திரை எலிக்காய்ச்சலுக்குத்தான். இந்தக் கிருமிக்கு அதை நம்ப முடியாது. பெனிசிலின் இன்றைக்கும் நன்றாகக் கேட்கும். ஊசியை நடுவில் நிறுத்தாதீர்கள். எக்கோ எடுக்கச் சொன்னால் பில்லைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ரத்தத்தில் போன கிருமி இதய வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

திரும்ப வரலாம். தினமும் குளித்ததும் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள், சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு போடுங்கள், மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மறுபடி சிவந்தால் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்று அவரும் பார்க்கலாம். சிவப்பு கொஞ்சமாக இருந்து வலி மட்டும் தாங்க முடியாமல் இருந்தாலோ, ஊதா நிறத்தில் கொப்புளம் கண்டாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது சதையை அழுகவைக்கும் வகையாக இருக்கலாம். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படும். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்து வலியை மறைக்கவே வேண்டாம். மரத்த காலில் வலி தெரியாமலே போகலாம் என்பதால் காய்ச்சலையும் நிறத்தையும் கவனியுங்கள்.

பேரனைப் பற்றிக் கவலை வேண்டாம், தாத்தா மடியில் உட்காரட்டும். ரிப்போர்ட்டில் 'குரூப் ஏ' என்று இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அது தொண்டை வலியாகவும் தோல் புண்ணாகவும் வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். சரி, வீட்டில் எல்லோரும் கை கழுவுங்கள், அவர் துண்டு அவருக்கு மட்டும்.

மாலை? புண் முழுக்க ஆறி, பாதத்தில் நைலான் இழை வைத்து உணர்ச்சி பார்க்கும் சோதனையும் முடியட்டும். அப்புறம் தாராளமாகப் போடட்டும். ஆனால் 41 நாளும் செருப்பில்லாமல் செம்பூர் ரோட்டில் நடப்பதும் பம்பையிலிருந்து வெறுங்காலோடு ஏறுவதும் அவருக்கு ஆகாது. மலையில் டோலி இருக்கிறது. குருசாமி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காட்டுங்கள்.