பட்டறை பதில்கள்: ரேடியேட்டருக்கு முன்னால் பெட்ரோல் டேங்க் வைக்கலாமா?

கேள்வி: அண்ணா, பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை வைத்து, அமெரிக்க ஹாட் ராடு (பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது) பாணியில் பானெட் இல்லாத இரண்டு சீட் வண்டி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். படங்களில் ரேடியேட்டருக்கு முன்னால் உருளையாக, பளபளவென்று ஒரு சின்ன அலுமினிய டேங்க் தெரிகிறது. அதே மாதிரி வைத்து ஏற்காடு வரை ஓட்ட ஆசை. வைக்கலாமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தாராளமாக வையுங்கள் தம்பி. ஆனால் அதில் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

அந்த டேங்க் ரேஸுக்காகப் பிறந்தது. டிராக் ரேஸ் (drag race) என்றால் நேர்கோட்டில் சீறி ஓடும் பந்தயம், தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அவ்வளவு தூரத்துக்குப் பின்னால் பெரிய டேங்க் எதற்கு? அதைக் கழற்றிவிட்டு, சில லிட்டர் பிடிக்கும் டேங்க்கை முன்னால் மாட்டினார்கள். கலிபோர்னியாவில் சான்டா ஃபே ஸ்பிரிங்ஸில் தொழில் நடத்திய டீன் மூன் விற்ற டேங்க்குகள் அவ்வளவு பிரபலம். இன்று யார் செய்தாலும் அதற்கு 'மூன் டேங்க்' என்றே பேர்.

முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. வண்டி சீறிக் கிளம்பும்போது டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கும். முன்னால் டேங்க், அதற்குப் பின்னால் எஞ்சின் என்றால் அந்த வேகமே பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளிவிடும். டேங்க் பின்னால் இருந்தால் பம்ப் அதை எதிர்த்து இழுக்க வேண்டும். மூக்கில் கொஞ்சம் கனம் இருப்பதால் முன்சக்கரம் தூக்குவதும் குறையும். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! அந்தக் கால வண்டிகளின் படத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு துள்ளும்.

சரி, இப்போது நம் மலைக்கு வருவோம். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மூக்கு மேலே இருப்பதால் பெட்ரோல் எஞ்சின் பக்கம் தானாக வரும். (ஃபோர்டு மாடல் டி காரில் இதற்கு நேர்மாறு. சீட்டுக்கு அடியில் டேங்க், பம்ப் கிடையாது. செங்குத்தான மேட்டில் பெட்ரோல் கார்புரேட்டருக்கு வராமல், ரிவர்ஸ் கியரில் ஏறியவர்கள் நிறையப் பேர்.) உங்களுக்குச் சிக்கல் இறங்கும்போதுதான். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் மிதிக்க மிதிக்க, டேங்க்கில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோலும் முன் சுவருக்குப் போய்விடும். அவுட்லெட் பின்பக்கம் இருந்தால் அது வறண்டு, பைப்பில் காற்று ஏறி, எஞ்சின் இருமி நின்றுவிடும். பின்னால் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும்.

அப்புறம் சூடு. 402 மீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு ரேடியேட்டர் பாதி மறைந்தாலும் கவலையில்லை. சித்திரை வெயிலில் இரண்டாவது கியரில் மலை ஏறும் வண்டிக்கு ரேடியேட்டரில் படும் காற்று முழுசாக வேண்டும். அதனால் டேங்க் சின்னதாக, ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியோடு நிற்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எதன் மீதாவது முட்டினால் முதலில் நசுங்குவது அந்த டேங்க்தான். அதற்கு நேர் பின்னால் சுற்றும் ஃபேன், கொதிக்கும் எக்ஸாஸ்ட். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், சேசிஸ் கம்பிகளுக்கு நடுவில் இருக்கட்டும். முன் டேங்க்கை ரேடியேட்டர் ஓவர்ஃப்ளோவுக்கு, அதாவது சூட்டில் வழியும் தண்ணீரைப் பிடிக்க, கொடுத்துவிடுங்கள். ரேடியேட்டர் கழுத்திலிருந்து வரும் ஹோஸை டேங்க்கின் அடிப்பக்கம் இணைத்து, மேலே காற்றுத் துளை விட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் வால்வு உள்ள மூடியைப் போட்டால், எஞ்சின் ஆறும்போது தண்ணீர் தானாகத் திரும்பிவிடும். டேங்க்கை நேராக போல்ட் போட்டு இறுக்காதீர்கள். சேசிஸ் முறுக்கும்போது வெல்டிங் ஓரம் விரிசல் விடும். பட்டை போட்டுப் பிடித்து, அதற்கு அடியில் ரப்பர் வையுங்கள்.

ரோட்டில் இறக்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

கேள்வி: சில பழைய ரேஸ் வண்டிகளில் டிரைவர் பக்கத்தில் கையால் அடிக்கும் ஒரு பம்ப் இருக்கிறதே, அது எதற்கு ஐயா?
– வாசகி, ஏற்காடு

பதில்: டேங்க்குக்குள் காற்று ஏற்றத்தான் அம்மா. பம்ப் ஸ்டவ்வில் காற்றடித்தால் மண்ணெண்ணெய் மேலே வருகிறதல்லவா, அதே வேலை. காற்றழுத்தம் பெட்ரோலை கார்புரேட்டருக்குத் தள்ளும். அளவுக்கு மீறி அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசியால் தடுக்க முடியாமல் கார்புரேட்டர் வழியும். பைப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் பெட்ரோல் பீய்ச்சும். ரோட்டு வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: லேத் பட்டறையில் செய்து வாங்கிய அலுமினிய டேங்க், நிப்பிள் (பைப் மாட்டும் முனை) பக்கம் கசிகிறது. ஒரு மாதம் பெட்ரோல் ஊற்றி ஓட்டினேன். மறுபடி வெல்டிங் வைக்கலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: அப்படியே கொண்டுபோய் நெருப்பு காட்டிவிடாதீர்கள். காலி டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் ஆவி போதும், வெடித்துவிடும். சோப்பு கலந்த வெந்நீரில் பலமுறை கழுவி, உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பி வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். முதலில் நிப்பிளைப் பாருங்கள். பித்தளையாக இருந்து, மரையைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருந்தால், ஈரம் பட்டு அந்த இடத்தில் அலுமினியம் அரித்திருக்கிறது என்று அர்த்தம். அலுமினிய நிப்பிளே போடுங்கள். வேலை முடிந்ததும் 3 பிஎஸ்ஐ காற்று மட்டும் ஏற்றி, சோப்பு நுரை தடவி, பத்து நிமிஷமாவது பொறுத்துப் பாருங்கள். பொடித் துளை உடனே குமிழ் விடாது.