இழைக்கும்போது மேசை ஆடுகிறதா? வீட்டுக்கு ஏற்ற தச்சு மேசை

கேள்வி: கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் உளி, இழைப்புளி, கை ரம்பம் கொண்டு மரவேலை பழகி வருகிறேன். மின்கருவிகள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பழைய சாப்பாட்டு மேசையின் மேல் பலகையை வைத்து இழைத்தால் மேசையே நகர்ந்துவிடுகிறது, கால்களும் ஆடுகின்றன. ஒரு தச்சு மேசை செய்துகொள்ள ஆசை. தேக்குதான் வாங்க வேண்டுமா? எவ்வளவு உயரம் வைக்கலாம்? கட்டையைக் கவ்விப் பிடிக்க எந்த வைஸ் நல்லது?

பதில்: தேக்கு வேண்டாம். வைஸும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் கனமான கட்டைகளை வாங்குங்கள்.

உங்கள் சாப்பாட்டு மேசை மோசமானது இல்லை, அது வேறு வேலைக்குச் செய்தது. தட்டின் பாரம் மேலிருந்து கீழே இறங்கும். இழைப்புளியின் தள்ளல் பக்கவாட்டில் போகும். பக்கவாட்டில் தள்ளினால் நான்கு கால்களும் ஒரே பக்கம் சாய்ந்து, நேராக நிற்க வேண்டிய கட்டம் கோணிப்போகிறது. தள்ளும் பலத்தில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும், மரம் சீவப்படாது. புதிதாகப் பழகுபவர்கள் இதைத் தங்கள் கைக்குறை என்று நினைத்து மனம் தளர்ந்துவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. நான் முதலில் செய்த மேசைக்கு நல்ல தேக்கில் மேல்பலகை போட்டு, கால்களை 2 அங்குலக் கட்டையில் வைத்தேன். ஒரு வருடம் அதோடு போராடிய பிறகுதான் காரணம் புரிந்தது.

நம் ஊர்த் தச்சர்கள் பலர் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தரை ஆடாது, கால் பிடியை விடாது. நின்று வேலை செய்ய நினைக்கும்போது அந்தத் தரையையும் காலையும் மேசைதான் தர வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான்.

இதற்கு ஐரோப்பாவில் இரண்டு பழைய வழிகள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆந்த்ரே ரூபோ விவரித்த மேசையில் மேல்பலகையே பெரிய தடித்த கட்டை, அதன் கனமே எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும். ஸ்காட்லாந்தில் பிறந்த பீட்டர் நிக்கல்சன் 1812-இல் லண்டனில் வெளியிட்ட நூலில் வரும் மேசையில் மேல்பலகை மெலிது. ஆனால் முன்பக்கம் ஓர் அகலமான பலகை கால்களோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். கால்கள் சாயாமல் காப்பது அந்த முன்பலகைதான். உங்களுக்கு இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். மரம் குறைவாகப் பிடிக்கும், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

சரி, அளவுக்கு வருவோம். நீளம் 5 அடி, அகலம் 20 அங்குலம். உயரத்துக்கு, செருப்பில்லாமல் நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் உயரம். பெரும்பாலானோருக்கு 31 முதல் 34 அங்குலத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் தோள் மட்டும்தான் தள்ளும், உடம்பின் பாரம் இழைப்புளிக்கு வராது. 33 அங்குலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

மேல்பலகைக்கு 10 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்பில் இரண்டு. கால்களுக்குக் கதவு நிலைக்கு விற்கும் 4க்கு 3 அங்குலக் கட்டை, 31 அங்குலத்தில் நான்கு. முன்னும் பின்னும் 9 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் ஒவ்வொரு பலகை. கால்களைக் குறுக்கே இணைக்க 4க்கு 2 கட்டை, ஒன்றரை அடியில் நான்கு. கூட்டினால் மூன்றரை கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும், சேதாரத்தோடு 4 கன அடி வாங்குங்கள். வேம்பில் செய்தால் முடிந்த மேசை 65 கிலோவைத் தாண்டும். இழைக்கும்போது நகராமல் நிற்க இந்தக் கனம் உதவும்.

மரத்தில் என் முதல் தேர்வு வேம்பு. கனமானது, பூச்சி அண்டுவது குறைவு, தேக்கைவிட விலை மிகக் குறைவு. நார் பின்னிக்கொண்டு ஓடுவதால் இழைக்கும்போது அங்கங்கே பிய்ந்து வரும், அது ஒன்றுதான் குறை. வாகையும் நல்லது. பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு, பல வருடம் காய்ந்து அடங்கிய மரம் அது. வாங்கியதும் ஒரு காந்தத்தை மேலெல்லாம் ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளித் தகட்டின் முனை போய்விடும்.

புது மரம் என்றால் காயவைப்பதில் அவசரம் கூடாது. பலகைகளுக்கு இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை வைத்து, காற்றோட்டமாக நிழலில் அடுக்குங்கள். கடைக்காரர் ‘நல்லா காஞ்சதுதான்’ என்று சொல்வார். நீங்கள் ஒரு பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் ஈரம் இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம். இறங்குவது நின்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் இரண்டு கால்சட்டங்கள். ஒரு முன்கால், ஒரு பின்கால், நடுவில் மேலும் கீழும் குறுக்குக் கட்டை. காலில் துளை எடுத்து, குறுக்குக் கட்டையின் முனையைக் கழுந்தாக, அதாவது துளைக்குள் நுழையும் மெலிந்த நாக்காகச் செதுக்கிப் பொருத்த வேண்டும். கழுந்தின் தடிப்பு 6 நூல் இருக்கட்டும் (8 நூல் ஓர் அங்குலம்), 6 நூல் உளியாலேயே துளையும் எடுத்துவிடலாம். இந்த இடத்தில் இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். மூங்கில் ஆப்பு இருக்கிறது. காலில் ஆப்புத் துளையைப் போட்டு, கழுந்தை உள்ளே செருகி, அந்தத் துளை வழியாகக் கழுந்தின் மேல் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கழுந்தை வெளியே எடுத்து, புள்ளியிலிருந்து அரை நூல் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் இடத்தை நோக்கித் தள்ளித் துளை போடுங்கள். மறுபடி செருகி, முனை கூராக்கிய மூங்கில் ஆப்பைக் கொட்டாப்புளியால் அடித்தால், இரண்டு துளைகளும் நேராக முயன்று கழுந்தைத் தானாக உள்ளே இழுக்கும். பிசின் வறண்டு விட்டுப்போனாலும் இந்தப் பிடி விடாது. துளைகளை அதிகமாகத் தள்ளிவிட்டால் மட்டும் கழுந்து பிளக்கும், அதனால் அரை நூலைத் தாண்ட வேண்டாம்.

சட்டங்கள் தயாரானதும் காலின் 4 அங்குல முகம் முன்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, முன்பலகையையும் பின்பலகையையும் பொருத்துங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு 3 நூல் போல்ட், ஒன்று மேலே இடப்புறம், ஒன்று கீழே வலப்புறம். இங்கே பிசின் போடக் கூடாது. பலகையின் நார் படுக்கையாகவும் காலின் நார் செங்குத்தாகவும் ஓடுகின்றன. ஈரத்துக்கு ஏற்ப 9 அங்குல அகலம் விரிந்து சுருங்கும், இறுக ஒட்டிவிட்டால் பலகை வெடிக்கும். போல்ட் துளையைக் கொஞ்சம் தாராளமாக விட்டு வாஷர் போட்டால் போதும். போல்ட் தலை பலகைக்குள் புதையும்படி குழி எடுத்துவிடுங்கள்.

மேல்பலகைகளைக் கீழிருந்து ஸ்குரூ போட்டு நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் 3 நூல் இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் பலகைகள் விரிய இடம் வேண்டும். முன்பலகையின் முகமும் மேல்பலகையின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருப்பது மிக முக்கியம். அந்த முகத்தில்தான் பலகையைச் சாய்த்து விளிம்பை இழைக்கப்போகிறீர்கள்.

மட்டம் பார்ப்பதை மேசை முழுவதும் கூடி நின்ற பிறகே செய்யுங்கள். நேரான இரண்டு சட்டங்களை இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் குனிந்து, ஒன்றின் மேல் விளிம்போடு மற்றதைச் சேர்த்துப் பாருங்கள். முறுக்கு இருந்தால் உடனே தெரியும். உயர்ந்த மூலைகளை 5-ஆம் நம்பர் இரும்பு இழைப்புளியால் குறுக்கும் மூலைவாட்டமுமாகச் சீவுங்கள். வேம்பின் பிய்ச்சலும் இப்படிக் குறையும். தகட்டை 25 பாகையில் தேய்த்து, முனையை மட்டும் 30 பாகையில் கூராக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வைஸ் கேள்வி. இடது முனையில், முன் விளிம்பிலிருந்து 3 அங்குலம் உள்ளே, 2க்கு 2 சதுரத் துளை எடுத்து அதில் இறுக்கமாக ஒரு கட்டையைச் செருகுங்கள். கீழிருந்து தட்டினால் மேலே வரும், மேலிருந்து தட்டினால் அமுங்கிவிடும். பலகையின் முனையை அதில் முட்டவைத்து இழைக்கலாம், வேறு பிடிப்பே வேண்டாம். அப்புறம் மேல்பலகையிலும் முன்பலகையிலும் 6 நூல் துளைகள் சில. ஒரு கொல்லரிடம் 18 மி.மீ. கம்பியைக் கொக்கி போல வளைத்து, நுனியைத் தட்டையாக்கித் தரச் சொல்லுங்கள். துளையில் விட்டு மேலே ஓர் அடி அடித்தால் கம்பி சாய்ந்து சிக்கிக்கொண்டு கட்டையை அமுக்கிப் பிடிக்கும். பின்னாலிருந்து தட்டினால் விட்டுவிடும். ஆறு மாதம் இவற்றோடு வேலை செய்துவிட்டு, வைஸ் எங்கே தேவைப்படுகிறது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு வாங்கலாம்.

வாடகை வீடு என்பதால் ஒரு வார்த்தை. உளியடியை எப்போதும் மேசைக்காலுக்கு நேர் மேலே வைத்துக்கொள்ளுங்கள். அடியும் வீணாகாது, மேல்பலகை அதிரும் சத்தமும் குறையும். காலடியில் தடித்த ரப்பர் துண்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

மேல்பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) இரண்டு முறை தேய்த்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கொடியில் விரித்துப் போட்டு முழுக்கக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள். முதல் கோடை முடிந்ததும் ஒரு ஸ்பேனர் எடுத்து எல்லாப் போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்கிவிடுங்கள், மரம் சுருங்கியிருக்கும்.