லிவோர்னோ பட்டயம் – கடிதம்

வணக்கம் ஐயா,

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் பற்றிய உங்கள் பழைய கட்டுரையை இப்போதுதான் படித்தேன். அந்த ஊரை ஆண்ட டஸ்கனியின் பெரும் டியூக் முதலாம் பெர்டினாண்டோ 1591இலும் 1593இலும் பட்டயம் எழுதி யூத வணிகர்களை அழைத்ததை மதச் சகிப்புத்தன்மை என்கிறீர்கள். எனக்கு அது வெறும் வியாபாரக் கணக்காகவே படுகிறது. இதற்கு இவ்வளவு பாராட்டு தேவையா?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கணக்குதான். சகிப்புத்தன்மை என்ற சொல்லை நான் அங்கே போட்டிருக்கக் கூடாது. பெர்டினாண்டோவின் அதே மெடிசி குடும்பம்தான் 1571இல் பிளாரன்ஸ் யூதர்களைக் கெட்டோவுக்குள், அதாவது யூதர்களுக்கென ஒதுக்கிய அடைப்புப் பகுதிக்குள், அடைத்தது. பெர்டினாண்டோ அந்தக் கதவைத் திறக்கவில்லை. புதுத் துறைமுகத்துக்குக் கடல் தாண்டிய உறவும் கடன் வசதியும் உள்ள வணிகர்கள் வேண்டும், அது ஸ்பெயினையும் போர்ச்சுக்கலையும் விட்டு ஓடிய குடும்பங்களிடம் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் 'வெறும்' என்கிறீர்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். அந்த ஷரத்துகளைப் படித்தால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு பயம் தெரியும். வேறு நாட்டில் கிறிஸ்தவராக வாழ்ந்திருந்தாலும் இங்கே மத விசாரணை கிடையாது. கட்டாயத்தில் ஞானஸ்நானம் பெற்ற தலைமுறைக்கு இது உயிர்ப் பிரச்சினை. வீடு வாங்கலாம், ஜெப ஆலயம் கட்டலாம், யூதர் என்று காட்டும் அடையாளத் துணி அணிய வேண்டாம். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தூக்கிப் போய் மதம் மாற்றக் கூடாது. யாரைச் சேர்ப்பது என்பதையும் சமூகத்தின் தலைவர்களே வாக்கெடுத்து முடிவு செய்யலாம், அப்படிச் சேர்ந்தவருக்கு டியூக்கின் பாதுகாப்பு உண்டு.

என்னை மிகவும் பாதித்தது காலக்கெடுதான். பட்டயம் 25 வருடத்துக்கு. வேண்டாம் என்று அரசு நினைத்தால் ஐந்து வருடம் முன்னால் சொல்ல வேண்டும். 1492இல் யூதர்களை வெளியேற்றியபோது ஸ்பெயின் கொடுத்தது நான்கே மாதம், திராட்சைத் தோட்டத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பல் தேடி ஓடினார்கள். அந்த நினைவு இருந்தவர்களுக்கு மன்னரின் நல்ல மனசை விட இந்த ஐந்து வருடம் பெரிது. நல்ல மனசு அவரோடு போய்விடும். மெடிசி வம்சம் 1737இல் முடிந்த பிறகும் லிவோர்னோ யூதர்களின் உரிமைகள் தொடர்ந்தன.

அப்புறம், நம் ஊர்த் தொடர்பு ஒன்று: மத்தியத்தரைக் கடல் பவளம் லிவோர்னோ யூத வணிகர்கள் கைமாறி லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்தது, பதிலுக்கு வைரம் போனது. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்னும் இருக்கிறது.

உங்கள் கோபத்துக்கு இடம் இருப்பது வேறு பக்கத்தில். பட்டயம் அழைக்கும் பட்டியலில் துருக்கியர், மூர்கள் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) பெயரும் உண்டு. அதே துறைமுகத்தில்தான் பிடித்துவந்த முஸ்லிம்களை அடிமைகளாக அடைத்து, துடுப்புக் கப்பல்களில் வேலை வாங்கினார்கள். பெர்டினாண்டோவின் சிலை லிவோர்னோவில் இன்றும் நிற்கிறது, அதன் பீடத்தின் நான்கு மூலையிலும் சங்கிலியில் கட்டிய நான்கு வெண்கல மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.