முகம் வாடின ஆட்டக்காரனை வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா? திடலோரக் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் காற்பந்துக் குழுவில் போன சீசன் விழுந்த கோல்களில் பாதி ஒரே பையன் போட்டது. அந்தப் பையன் மூன்று வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. ஈப்போவில் ஒரு குழு அவனைக் கூப்பிடுகிறது, நம் குழுவின் பதிவோ சீசன் முடியும்வரை அவனைக் கட்டிவைத்திருக்கிறது. இதுபற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடினோம். இருபத்தாறு வருஷம் இந்தக் குழுவை நடத்தியவன் என்று என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். பசியாறி முடிவதற்குள் கேள்விகள் குவிந்தன, சில பிறகு வாட்சாப்பிலும் வந்தன. எல்லாவற்றுக்கும் இங்கே எழுதிவிடுகிறேன். பையன் பெயர் வேண்டாம். ஊருக்கே தெரியும்.

செம்பனை லோரி ஓட்டும் தம்பி: அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமா?

சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், முடிந்த மறுநாள் அனுப்பிவிட வேண்டும், அந்த வாக்கை இப்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். என் கட்சி இதுதான்.

ஆனால் அதற்கு முன்னால், அவனுக்கு எதில் மனத்தாங்கல் என்று யாராவது கேட்டோமா? நான் போன புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஈப்போ காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மாமா, என்னைக் கோட்டோரம் நிக்க வெச்சிட்டாங்க. பந்து வர்ற வரைக்கும் வெயில்தான் காயிறேன்" என்றான். நடுவில் ஆடிக்கொண்டிருந்தவனைப் புதுக் கோச் இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். இடத்தால் வந்த வருத்தத்தைப் பேசிச் சரிசெய்யலாம். காசால் வந்ததையும் பெரும்பாலும் சரிசெய்யலாம். கூட ஆடுகிறவர்களோடு முகம் கொடுத்துப் பேச முடியாத நிலை வந்துவிட்டால்தான் சிரமம், அப்போது உடனே அனுப்பிவிடு என்பேன். இவன் விஷயம் அந்த அளவுக்குப் போகவில்லை.

ஐந்தாம் படிவ மாணவன்: மாமா, மனசு இல்லாதவன கட்டி வெச்சா எப்படி ஒழுங்கா ஆடுவான்?

நீ லிவர்பூல் ஜெர்சி போட்டுக்கொண்டு இதைக் கேட்கிறாய், அதனால் உன் குழுவிலிருந்தே சொல்கிறேன். 2013-இல் லூயிஸ் சுவாரெஸ் போயே தீருவேன் என்று நின்றார். ஆர்சனல் 40 மில்லியன் பவுண்டுக்கு மேல் ஒரே ஒரு பவுண்ட் கூட்டி விலை கேட்டது. அந்தத் தொகையைத் தாண்டினால் ஒப்பந்தப்படி ஆளை விட்டாக வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். லிவர்பூல் அசையவில்லை. அவரைத் தனியாகப் பயிற்சி செய்ய வைத்தது. எதிராளியைக் கடித்ததற்காக ஏற்கெனவே தடை வேறு, சீசனின் முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் ஆளே இல்லை. திரும்பி வந்து 33 ஆட்டத்தில் 31 கோல் போட்டார். மான்செஸ்டர் சிட்டிக்கு இரண்டே புள்ளி பின்னால் லிவர்பூல் இரண்டாவது. அந்தச் சீசன் முடிந்ததும் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் லிவர்பூல் ஆறாவது இடம்.

முதலாளிகள் முறைத்ததால் அவர் ஆடினார் என்று நான் நம்பவில்லை. பெரிய குழு பார்க்க வேண்டுமென்றால் கோல் போட்டாக வேண்டும், அது அவருக்கும் தெரியும். ரொனால்டோவையும் 2008-இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் கோச் ஃபெர்குசன் இன்னும் ஒரு வருஷம் இரு என்று பிடித்து நிறுத்தினார். அந்த ஒரு வருஷத்தில் யுனைடெட் லீக்கை வென்றது, ஐரோப்பிய இறுதியாட்டம் வரை போனது. 2009-இல் 80 மில்லியன் பவுண்டுக்கு ரியால் மட்ரிட் வாங்கியது.

இரண்டிலும் வாசல் எந்தப் பக்கம், எப்போது திறக்கும் என்று ஆட்டக்காரனுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஹேரி கேனுக்கு அந்தக் கணக்கு தப்பிப்போனது. 2021-இல் போகலாம் என்று நினைத்தார், டாட்டன்ஹாம் விடவில்லை. இன்னும் இரண்டு சீசன் ஆடிக் கொடுத்துவிட்டு, 2023-இல் பாயர்னுக்குப் போனார். கடைசிச் சீசனில் லீக்கில் மட்டும் 30 கோல், குழு எட்டாவது இடம். அவரைக் குறை சொல்ல முடியுமா?

மளிகைக் கடைக்காரர்: அண்ணே, ஆடவே மாட்டேன்னு உட்கார்ந்துட்டா என்ன பண்றது? இசாக் அப்படித்தானே செஞ்சான்?

ஆமாம். நியூகாசலுக்கு 2024-25 சீசனில் லீக்கில் 23 கோல் போட்டவர். லீக் கிண்ண இறுதியில் லிவர்பூலுக்கு எதிராகவே ஒரு கோல். எழுபது வருஷத்துக்குப் பிறகு அந்த ஊர் உள்நாட்டுக் கிண்ணம் ஒன்றைத் தொட்டது. ஆறே மாதத்தில், 2025 செப்டம்பர் 1 அன்று, அதே லிவர்பூலுக்கு 125 மில்லியன் பவுண்டுக்கு விற்றார்கள். நடுவில் சிங்கப்பூர் வந்த குழுவோடு அவர் வரவில்லை. பக்கத்திலேயே வருகிறாரே, பார்த்துவிடலாம் என்று டிக்கெட் வாங்கின நம் பையன்கள் இரண்டு பேர் இன்னும் அவரைத் திட்டுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வருஷம் மீதி இருந்தும் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் மூன்று வருஷம் மீதி இருந்ததால்தான் 125 மில்லியன் கேட்க முடிந்தது. ஒரே வருஷம் மிச்சமிருந்தால் அந்த விலை வராது.

நம்மிடம் விற்க ஒன்றும் இல்லை அண்ணே. நம் பையன் போனால் ஈப்போ குழு நமக்கு இரண்டு பந்தும் ஒரு வலையும் கொடுக்கலாம், அதுவும் கேட்டால்.

பாலர் பள்ளி ஆசிரியை: சோம்பேறித்தனம் வேற, மனசு சரியில்லாதது வேற இல்லையா? எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

நல்ல கேள்வி தங்கச்சி. ஆண்பிள்ளைகள் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

பந்து காலில் இருக்கும்போது பார்த்தால் தெரியாது, மனசு சரியில்லாதவனும் பந்து வந்தால் ஓடுவான். ஆட்டம் முடிந்தபிறகு பாருங்கள். எங்களுக்கு ஆட்டம் முடிந்தால் மீ கோரெங் பொட்டலம் வரும். அந்தப் பெரிய மழைமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அடுத்தவன் பொட்டலத்தில் முட்டை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துச் சாப்பிடுவார்கள். வருத்தத்தில் இருப்பவன் பொட்டலத்தை வாங்கி மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். நம் பையன் பிப்ரவரியிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். அம்மாவுக்கு எடுத்துப் போகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சோம்பேறி அந்த வட்டத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பான்.

தாமான் குடியிருப்பில் இருக்கும் இளைஞர்: ஆளுக்கு ஆள் மாத்திக்கிட்டா என்ன? அமெரிக்காவுல அப்படித்தானே?

அமெரிக்கக் கூடைப்பந்தில் பெரும்பாலும் ஆட்டக்காரனைக் கேட்காமலே மாற்றிவிடலாம். 2025 பிப்ரவரியில் லூக்கா டோன்சிச்சை டாலஸ் அப்படித்தான் லேக்கர்ஸுக்குத் தள்ளிவிட்டது. நம் ஆட்டத்தில் சம்பந்தப்பட்டவன் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் மாற்றம் கிடையாது. ஆளுக்கு ஆள் மாற்றுவது அபூர்வமாக நடக்கும். 2018 ஜனவரியில் ஆர்சனல் அலெக்சிஸ் சான்செஸைக் கொடுத்து, யுனைடெட்டிலிருந்து மிகிதாரியானை வாங்கியது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் ஒப்பந்தம் முடிந்து, ஆர்சனலுக்கு ஒரு காசும் வராமலே சான்செஸ் போயிருப்பார், அதனால் ஆர்சனலுக்கு அது புத்திசாலித்தனம். யுனைடெட்டில் சான்செஸ் 45 ஆட்டத்தில் போட்டது 5 கோல். ஒருவர் வீட்டு முருங்கையைப் பிடுங்கி இன்னொருவர் வீட்டில் நட்டால் எல்லா மண்ணிலும் காய்க்காது தம்பி.

ஓய்வு பெற்ற கோல்கீப்பர்: தம்பி, ஆறுமுகம் காலத்துல எவனாவது இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தானா? தோட்டத்துக்காக ஆடினோம், அவ்வளவுதான்.

அண்ணே, நம் நாட்டு கோல்கீப்பர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை நீங்கள் திடலில் பார்த்தவர், நான் வானொலியில் கேட்டவன். அவரைப் பற்றி உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் உங்கள் காலத்தில் திடல் தோட்டத்துடையது, வீடு தோட்டத்துடையது, வேலையும் தோட்டத்துடையது. மூஞ்சியைத் தூக்கினால் எங்கே போவது? இந்தப் பையன் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து மோட்டாரில் வந்து நமக்கு ஆடுகிறான். அவனுக்கு நாம் கொடுப்பது ஒரு பொட்டலம் மீ.

அப்புறம், நான் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998-இல் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். வெளியூர்க் குழு ஒன்று கூப்பிட்டது. விடுவிப்புக் கடிதத்தை அவனே தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினான். நான் கையெழுத்துப் போடவில்லை. லீக் முடியட்டும் என்றேன், லீக் முடிந்ததும் தீபாவளிக் கிண்ணம் முடியட்டும் என்றேன். அவன் ஒரு வம்பும் செய்யவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தான், நின்றான், போனான். அந்த வருஷம் அவன் மூன்று கோல் போட்டிருந்தால் அதிகம். அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், அதன் பிறகு எங்கும் ஆடவில்லை. திருவிழாவுக்கு வந்தால் என்னிடம் மழையைப் பற்றிப் பேசுவான். அந்தக் கடிதம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.

வேறொரு குழுவில் ஆடும் தம்பி: மூணு மாசமா சம்பளம் வரல. கேட்டா, ஒப்பந்தம் இருக்கு, போக முடியாதுங்கிறாங்க.

உன்னுடைய கேள்வி வேறு. இதில் மனசைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. சம்பள ஒப்பந்தம் உள்ள ஆட்டக்காரனுக்குக் குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் சட்டத்துக்கு மாறாகப் பாக்கி நின்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதினைந்து நாள் முழுதாக அவகாசம் கொடுத்து, அப்படியும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஃபீஃபா விதியிலேயே இருக்கிறது. வாயால் கேட்டது கணக்கில் வராது. ஒப்பந்த நகலையும் வங்கிக் கணக்குத் தாளையும் எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரைப் பார். ஒப்பந்தம் முடிந்தவனைப் பழைய குழு காசு கேட்டுப் பிடித்துவைக்கும் வழக்கத்தை 1995-இல் போஸ்மன் என்ற பெல்ஜியக்காரர் வழக்குப் போட்டு உடைத்தார். அவர் தனக்காகப் போட்ட வழக்கில் லாபம் பார்த்ததெல்லாம் பின்னால் வந்தவர்கள்.

குழுவின் பொருளாளர்: மூணு வாரம் வராதவன் திரும்பி வந்தா நேரா ஆட்டத்துல இறக்கிடுறதா? தண்டனை வேண்டாமா?

ஒரு ஆட்டம் வெளியே உட்காரட்டும், போதும். வந்த மற்றப் பையன்களுக்கு மரியாதை வேண்டுமே.

டெவெஸ் 2011-இல் மியூனிக்கில் ஆட மறுத்தார் என்று மான்செஸ்டர் சிட்டியின் கோச் மன்சினி கொதித்தார். ஆள் அர்ஜென்டினாவுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்தார். மார்ச்சில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஏப்ரலில் நாரிச்சுக்கு எதிராக மூன்று கோல். மே மாதம் கோல் வித்தியாசத்தில் சிட்டி லீக்கை வென்றது. மன்சினி வீம்பு பிடித்திருந்தால் அந்த மூன்று கோலை யார் போட்டிருப்பார்?

கோச்சிடமும் பேசிவிட்டேன். அவனை நடுவில் விட்டுப் பார்க்கச் சம்மதித்தார், முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டுதான். ஈப்போவுக்குப் போகும்வரை நமக்கு ஏழு ஆட்டம் மீதி. இந்த ஏழு ஆட்டத்திலும் அவன் பக்கத்தில் அந்தப் பதினேழு வயதுப் பையனை ஓடவிட வேண்டும். லிவர்பூல் கூட்டின்ஹோவை விற்ற 2018-லேயே வான் டைக், அலிசன் என்று தற்காப்பைப் பலப்படுத்திக்கொண்டது, அடுத்த வருஷம் கூட்டின்ஹோ ஆடிய பார்சிலோனாவையே 4-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. நம்மால் யாரையும் வாங்க முடியாது, வளர்க்கத்தான் முடியும்.

பையனின் அம்மா, மண்டப வாசலில்: அண்ணே, எல்லாரும் அவன் மேல கோவமா இருக்கீங்களா?

இல்லை தங்கச்சி. கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டேன். கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் தேதிதான் போட்டிருக்கிறது. ஒரு நகல் உங்களிடம் தருகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் டிராயரை நம்ப வேண்டாம். செவ்வாய்க்கிழமை பயிற்சி ஐந்தரை மணிக்கு. ஏழாம் எண் ஜெர்சி அவனிடம்தான் இருக்கிறது, துவைத்து எடுத்துவரச் சொல்லுங்கள்.