எது பெண் கடல்?

ஐயா,

உங்கள் பாம்பன் நினைவுகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எட்டு வயதில் அப்பா என்னைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போனார். அப்போது சாலை கிடையாது, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் குலுங்கிக்கொண்டு வேனில் போனோம். இடப்பக்கம் குளம் மாதிரிக் கிடந்ததைக் காட்டி “இது பெண் கடல்” என்றார். வலப்பக்கம் சீறிக்கொண்டிருந்தது ஆண் கடல். போன வருடம் அப்பா தவறிவிட்டார். டிசம்பரில் மறுபடி போனேன், எல்லாம் தலைகீழாக இருந்தது. இடப்பக்கம் சீற்றம், வலப்பக்கம் அமைதி. வழிகாட்டி மட்டும் அதே இடப்பக்கத்தைத்தான் பெண் கடல் என்றார். நான்தான் மாற்றி நினைவில் வைத்திருக்கிறேனா? அந்த ராமேஸ்வரம் தீவில் ஐந்து சென்ட் நிலம் வாங்கி அமைதியாக இருந்துவிட ஆசை. பாம்பனா, தங்கச்சிமடமா, எது நல்லது? இடிந்த தனுஷ்கோடியின் மௌனம் ஒரு கவிதை ஐயா.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த மௌனக் கவிதையைத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் பார்த்த சுவர்கள் ஒரு தேவாலயத்தின் சுவர்கள், ஒரு ரயில் நிலையத்தின் சுவர்கள். 1964 டிசம்பர் 22 வரை அது ஆட்கள் புழங்கிய ஊர், அன்று இரவு புயலில் போனது. அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் குடிசை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், உட்கார்ந்து கேட்டால் ராத்திரி வரைக்கும் பேசுவார்கள். மௌனமாம்! காரை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் திரும்ப ஏறினால் மௌனமாகத்தான் இருக்கும். சரி, விடுங்கள்.

உங்கள் அப்பா சொன்னது சரி. உங்கள் நினைவும் சரி. எந்த மாதம் போனீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் எட்டு வயதுப் பையனை ஒரு அப்பா அவ்வளவு தூரம் கூட்டிப் போவது பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான். அது கச்சான் காலம். காற்று தென்மேற்கிலிருந்து வரும், மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். தீவு குறுக்கே படுத்துக் கிடப்பதால் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அசையாது. ஐப்பசியில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, திரும்பியதும் கதை மாறும். அப்போது தெற்கு அடங்கிவிடும், வடக்கு ஆடும். அந்தப் பக்கம் ஆழமும் குறைவு, அலை குட்டை குட்டையாக அடுத்தடுத்து வந்து வள்ளத்தைப் போட்டு உலுக்கும். டிசம்பரில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பெண் கடல், ஆண் கடல் என்ற பேச்சு பொய் என்று சொல்ல வரவில்லை. என் அத்தையும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் வருடம் முழுவதற்கும் ஒரே பக்கத்துக்கு அவள் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை. அதைச் செய்தது வேனில் ஏற்றிப்போய் இறக்கிவிடுகிறவர்கள்.

நான் அந்தத் தீவுக்கு முதல்முறை போனது 1971இல், ஏழு வயதில். ரயிலில்தான் போக முடியும், சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. பாம்பன் பாலத்தில் ரயில் ஊரும்போது கடலில் போடச் சொல்லி ஆச்சி கையில் ஒரு பத்துப் பைசா கொடுத்தாள். நான் போடவில்லை, டவுசர் பையில் வைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் கப்பல் வந்தால் தூக்குப் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள், அதை அத்தை வீட்டிலிருந்து ஓடிப்போய்ப் பார்ப்பேன். அந்த மே மாதம் மாமாவின் வள்ளம் வடக்குக் கரையில் கிடந்தது. அரைப் பரீட்சை விடுமுறைக்கு மறுபடி போனால், வள்ளம் தெற்குக் கரையில், தெற்குவாடியில் கிடக்கிறது. பாலத்துக்கு அடியில் கால்வாய் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை, மாமாவுக்கு இரண்டு வள்ளம் இருக்கிறது என்று நினைத்து ஊருக்கு வந்து எல்லோரிடமும் பெருமையடித்தேன். அத்தைக்கு அது தெரிந்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “காத்து எந்தப் பக்கம் முதுகு காட்டுதோ அந்தப் பக்கம் நமக்குச் சோறுடா” என்றாள்.

அப்புறம் பதினோரு வருடம் அந்தத் தீவிலேயே வாத்தியாராக இருந்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே காற்றைச் சொல்லிவிடலாம். வாடை திரும்புகிற வாரத்தில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும், குடும்பத்தோடு அடுத்த கரைக்குப் போயிருப்பார்கள். ஒருமுறை மேலிடத்திலிருந்து வருகை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டார்கள். “காற்று மாறிவிட்டது” என்று எழுதி அனுப்பினேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து மெமோ வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், அந்தப் பத்துப் பைசாவைத்தான் எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

இவ்வளவு நீளமாக ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உங்களைப் போல வருடத்துக்கு நாலு பேர் எனக்கு எழுதுகிறீர்கள். எல்லோருக்கும் ‘அமைதியான கடல்’ வேண்டும். எந்த மாதத்து அமைதி ஐயா? மே மாதத்தில் வடக்குக் கரையில் வீடு பார்த்து மயங்கி முன்பணம் கொடுக்கிறீர்கள். கார்த்திகையில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்பு பூத்ததும் ஊரைத் திட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். ஊர் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே!

நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா. கடற்கரையில் கட்டுவதற்கு ஆயிரம் விதி இருக்கிறது, ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அது என் வேலை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், வாங்கினால் ஆழமாகப் போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அந்த மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஏடு மாதிரி மிதக்கிறது. தனுஷ்கோடியில் பெண்கள் மணலைக் கையால் பறித்துச் சிரட்டையால் மொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாக மொண்டால் நல்ல தண்ணீர் ஊறும், இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்தான்.

உங்கள் அப்பா அந்தக் கடலை எத்தனை முறை பார்த்தாரோ எனக்குத் தெரியாது. ஒரே ஒருமுறைதான் என்றால், பார்த்ததைப் பார்த்தபடி மகனுக்குச் சொல்லியிருக்கிறார். அதைப் போய் டிசம்பரில் சரிபார்க்கலாமா? மே மாதம் போங்கள். சாலை முடிகிற அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்க வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். அதற்கு முன்பே எங்காவது வண்டியை நிறுத்தி, இடப்பக்கம் மணலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவர் காட்டியது அப்படியே இருக்கும்.

போவதாக இருந்தால் சொல்லுங்கள், அத்தை மகனிடம் சொல்லிவைக்கிறேன். இப்போது தெற்குவாடியில் இருக்கிறான். மே மாதம் என்றால் வடக்கே போய்த் தேடுங்கள்.